நிலம் வாங்கும் முன் மாசு ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்வெல் தண்ணீரைச் சோதித்தாயிற்று, குடிக்கலாம் என்று அறிக்கையும் வந்துவிட்டது. அது போதாதா?

போதாது. தண்ணீரில் குறை இருக்கும் என்பதல்ல காரணம். அந்த அறிக்கை சொல்வது ஒரே ஓர் ஆழத்தின் கதையை, அதுவும் சோதிக்கச் சொன்ன பொருள்களைப் பற்றி மட்டும். வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு, கிருமி என்று ஒரு பட்டியல் இருக்கும். பெட்ரோலில் உள்ள பென்சீனோ பூச்சிமருந்தோ அதில் இருக்காது, கேட்டால்தான் பார்ப்பார்கள்.

ஆழமும் ஒரு சிக்கல். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். உங்கள் போர்வெல் 60 மீட்டரில் நீர் எடுக்கிறது, மேலே கேசிங் குழாய் இறக்கி அடைத்திருக்கிறது என்றால், 5 மீட்டரில் மிதக்கும் பெட்ரோல் அந்தப் பாட்டிலுக்குள் வரவே வராது. ஆனால் அஸ்திவாரம் தோண்டும்போது வரும்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? மண்ணை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாமா?

முதலில் காகிதம், பிறகுதான் கடப்பாரை. நிலத்தில் என்ன நடந்தது என்று தெரியாமல் எடுத்த மண்மாதிரி, நோயைச் சொல்லாமல் செய்த ரத்தப் பரிசோதனை மாதிரி. எதைத் தேடுவது, எங்கே தேடுவது, எந்த ஆழத்தில் தேடுவது என்ற மூன்றுக்கும் விடை நிலத்தின் பழைய வரலாற்றில்தான் இருக்கிறது.

தொழில்முறை ஆய்வாளர்கள் செய்யும் முதல்கட்ட ஆய்வில் ஒரு பிடி மண்கூட எடுக்க மாட்டார்கள். பதிவேடுகளைப் புரட்டுவது, நிலத்தை நடந்து பார்ப்பது, ஆட்களை விசாரிப்பது, இவ்வளவுதான். அமெரிக்காவில் இதற்கென்றே ஏ.எஸ்.டி.எம். இ1527-21 என்ற தர வரைமுறை இருக்கிறது. சந்தேகம் எழுந்தால்தான் துளையிட்டு மாதிரி எடுக்கும் இரண்டாம் கட்டம்.

பார்க்க வேண்டியவை: பழைய பத்திரங்கள் அத்தனையும், வரி ரசீதுகளில் உள்ள நிலப் பயன்பாட்டு விவரம், தொழில் உரிமங்கள், எரிபொருள் சேமிப்பு அனுமதி, தீயணைப்புத் துறைப் பதிவுகள், பழைய வரைபடங்கள், வான்வழிப் படங்கள், செயற்கைக்கோள் படங்கள். படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். ஒரு படத்தில் குளமாக இருந்த இடம் அடுத்த படத்தில் மேடாகியிருந்தால், அந்தக் குளத்தை எதைக் கொட்டி நிரப்பினார்கள் என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.

பத்திரத்தைச் சொத்துரிமைக்காக மட்டும் படிக்காதீர்கள். அமெரிக்காவின் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் லவ் கெனால் என்ற நிலம் 1953ஆம் ஆண்டு ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கைமாறியபோது, அங்கே ரசாயனக் கழிவு புதைக்கப்பட்டிருப்பதாகப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. பின்னால் கேடு வந்தால் பொறுப்பில்லை என்றும் எழுதியிருந்தது. பள்ளியும் கட்டினார்கள், பக்கத்தில் வீடுகளும் எழும்பின. 1978இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டிவந்தது.

எந்தத் தொழில் நடந்திருந்தால் எதைத் தேட வேண்டும்?

பெட்ரோல் பங்க், வாகனப் பணிமனை: பென்சீன், டொலுயீன், சைலீன், டீசல் வகை ஹைட்ரோகார்பன்கள். பழைய பங்க் என்றால் ஈயமும் சேரும். கார்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பது உலகெங்கும் முற்றாக நின்றதே 2021இல்தான்.

உலர்சலவைக் கடை (ட்ரை கிளீனிங்): பெர்குளோரோஎத்திலீன் என்னும் சலவைத் திரவம். சிறிய கடைதானே என்று விடாதீர்கள். இந்தத் திரவத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.6 மடங்கு. கசிந்தால் நிலத்தடி நீரையும் துளைத்துக்கொண்டு கீழே போய்க் களிமண் படிவின்மேல் தங்கும். அங்கிருந்து பல பத்தாண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். எங்கள் கணிப்பில், ஒரு பெரிய கிடங்கைவிட ஒரு சிறிய உலர்சலவைக் கடைதான் அதிகத் தலைவலி.

மின்முலாம் பட்டறை: ஆறிணைதிறன் குரோமியம் (குரோமியம்-6), நிக்கல், காட்மியம், சயனைடு. இங்கே மொத்த குரோமியம் மட்டும் பார்த்தால் பலனில்லை. இயற்கை மண்ணிலும் குரோமியம் உண்டு. நச்சுத்தன்மை மிகுந்தது ஆறிணைதிறன் வடிவம். அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

தோல் பதனிடும் இடம் என்றால் குரோமியம், சல்ஃபைடு. பேட்டரி உடைத்த இடம் என்றால் ஈயம், அமிலம். மரத்துக்கு மருந்தேற்றிய இடத்தில் ஆர்செனிக், செம்பு, குரோமியம், கிரியோசோட் என்னும் தார் எண்ணெய். பழைய டிரான்ஸ்ஃபார்மர்கள் நின்ற இடத்தில் பி.சி.பி. என்னும் குளோரின் சேர்ந்த நச்சு எண்ணெய். தீயணைப்புப் பயிற்சி மைதானம், விமான நிலைய ஓரம் என்றால் தீயணைப்பு நுரையிலிருந்து வந்த பி.எஃப்.ஏ.எஸ். என்னும் எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள், இவற்றைச் சாதாரண ஆய்வகத்தில் பார்க்க முடியாது, அதற்கான கருவி உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

விவசாய நிலம்தானே, அதில் என்ன இருக்கப்போகிறது?

பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் பழத்தோட்டமாக இருந்த நிலம் தனிக் கணக்கு. டி.டி.டி. வருவதற்கு முன் பல நாடுகளில் பழமரங்களுக்கு ஈய ஆர்செனேட் தெளித்தார்கள். ஈயமும் ஆர்செனிக்கும் தனிமங்கள், மக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. மேல் மண்ணில் அப்படியே கிடக்கும்.

மற்ற வயல்களில், மருந்து தெளித்த பரப்பைவிட மருந்தைக் கலக்கிய இடம் மோசம். கிணற்றடி, மோட்டார் கொட்டகை, தெளிப்பானைக் கழுவிய மூலை, காலி டப்பாக்களைப் புதைத்த குழி ஆகியவற்றில் மாதிரி எடுங்கள். கால்நடைகளை உண்ணிக்காக மருந்து நீரில் முக்கியெடுத்த தொட்டி இருந்தால் அதைச் சுற்றி ஆர்செனிக் பாருங்கள்.

நேரில் போகும்போது எதைக் கவனிப்பது?

மழை பெய்த மறுநாள் போனால் நல்லது. கறையும் எண்ணெய்ப் படலமும் ஈரத்தில்தான் கண்ணுக்குப் படும்.

தேங்கிய நீரில் வானவில் நிறப் படலம் தெரிந்தால் உடனே பதற வேண்டாம். ஒரு குச்சியை எடுத்து அந்தப் படலத்தைக் கிழித்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல உடைந்து துண்டு துண்டாக நின்றால், அது இரும்பில் வாழும் பாக்டீரியாவின் வேலை. குச்சியை எடுத்ததும் சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய். முதல் சல்லடைக்கு இது போதும், முடிவுக்குப் போதாது.

சுற்றிலும் செடிகொடி செழித்திருக்க ஓரிடம் மட்டும் மொட்டையாக இருப்பது, சுவரிலும் தரையிலும் மஞ்சள் நிற உப்புப் பூத்திருப்பது (குரோமியம்), மண்ணில் பளீரென்ற நீலம் (பழைய நிலக்கரி வாயு ஆலைகளின் சயனைடுக் கழிவு), கண்ணாடிபோல மினுங்கும் கறுப்புக் கசடுக் கற்கள், தரையில் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாத வடிகால் ஓட்டை. இவை எல்லாம் படம் எடுத்து, வரைபடத்தில் இடம் குறித்து வைக்க வேண்டியவை. கடைசியாகச் சொன்ன வடிகாலைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். பணிமனைத் தரையில் சிந்தியது அத்தனையும் அந்த ஓட்டை வழியாகத்தான் போயிருக்கும். அது சாக்கடைக்குப் போகிறதா, உறிஞ்சுகுழிக்குப் போகிறதா என்பதில் எல்லாம் மாறிவிடும்.

மண்ணை அள்ளி மூக்கருகே கொண்டுபோக வேண்டாம். வாடை வந்தால் அது ஒரு சாட்சி. வரவில்லை என்றால் எதற்கும் சாட்சியில்லை. கன உலோகங்களுக்கு வாடையே கிடையாது.

நிலத்துக்கு அடியில் பழைய டேங்க் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுவரோரம் ஒரு மெல்லிய இரும்புக் குழாய் எதனோடும் சேராமல் மேலே ஏறி, நுனியில் தொப்பியோ வளைவோ வைத்து நிற்கும். அது டேங்கின் காற்றுக்குழாய். தரைமட்டத்தில் ஒரு வட்ட மூடி, சுற்றுத் தரையோடு நிறம் பொருந்தாத செவ்வகக் கான்கிரீட் ஒட்டு, சுவரிலிருந்து வெட்டி அடைத்த செம்புக் குழாய்கள், இவையும் தடயம்தான்.

உறுதி செய்ய உலோக உணர்கருவியும் தரை ஊடுருவும் ரேடாரும் உண்டு. களிமண்ணிலும் உப்பு மண்ணிலும் ரேடார் அலை வெகு ஆழம் போகாது; அங்கே காந்தப்புல அளவி அல்லது மின்காந்த முறைதான் கைகொடுக்கும். கண்டுபிடித்தால் டேங்கின் இரு முனைகளிலும் அடிமட்டத்துக்குக் கீழே மண் எடுக்க வேண்டும். குழாய்ப் பாதையையும் மறக்காதீர்கள். டேங்க் உடம்பு நன்றாக இருந்து, இணைப்பு முட்டில் ஒழுகியிருப்பது சகஜம்.

ஆலை இருந்தது பக்கத்து மனையில். நமக்கென்ன?

நிலத்தடி நீருக்கு வேலி தெரியாது. நிலத்தடி நீரோட்டத்தில் உங்கள் மனை ஆலைக்கு மேலே, நீர் வரும் பக்கம் இருக்கிறதா, கீழே, நீர் போகும் பக்கம் இருக்கிறதா என்பதே கேள்வி. தரைச் சரிவை வைத்து ஊகிக்கலாம், ஆனால் ஊகம்தான். உறுதியாக அறிய முக்கோணமாக மூன்று கிணறுகளாவது வேண்டும். மூன்றின் வாய்மட்டத்தையும் ஒரே குறிமட்டத்திலிருந்து அளந்து, ஒரே நாளில் நீர்மட்டம் எடுத்து ஒப்பிட்டால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரியும். பக்கத்தில் யாராவது பெரிய மோட்டார் வைத்து இறைத்தால் திசையே மாறலாம்.

மண் மாதிரி எத்தனை? எவ்வளவு ஆழம்?

ஏக்கருக்கு இத்தனை என்று வாய்ப்பாடு சொல்பவரை நம்பாதீர்கள். சந்தேக இடம் தெரிந்தால் அங்கே நெருக்கமாக எடுங்கள். தெரியாவிட்டால் கட்டம் போட்டு எடுக்கலாம். கன உலோகமும் பூச்சிமருந்தும் பெரும்பாலும் மேல் மண்ணில் தங்கும். குழந்தை விளையாடும் மண் எது என்று யோசித்தால் மேல் 15 செ.மீ. ஏன் முக்கியம் என்பது புரியும். எரிபொருளும் உலர்சலவைத் திரவம் போன்ற கரைப்பான்களும் கீழே இறங்கும். அவற்றுக்கு நீர்மட்டம் வரை போக வேண்டும். மண் கொட்டி உயர்த்திய மனை என்றால் கொட்டிய மண்ணில் ஒன்று, அதற்கடியில் உள்ள சொந்த மண்ணில் ஒன்று.

செலவைக் குறைக்க நாலு இடத்து மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்புவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று இடத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஈயம், நான்காவதில் 800. கலந்தால் 215 என்று வரும். 800 இருந்த இடம் காணாமல் போய்விட்டது. சராசரி தெரிந்தால் போதும் என்னும் விரிந்த வயலுக்குக் கலவை சரி. ஆவியாகும் பொருள்களுக்கு ஒருபோதும் கூடாது. கலக்கும்போதே பாதி காற்றில் போய்விடும்.

துளையிடுவதே ஆபத்தாகும் இடமும் உண்டு. கனமான கரைப்பான் ஒரு களிமண் அடுக்கின்மேல் தேங்கியிருக்கும்போது அந்த அடுக்கைத் துளைத்தால், அடுத்த நீர்ப்படுகைக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்ததாகும். உலர்சலவைக் கடை இருந்த நிலத்தில் இந்த முன்யோசனை இல்லாத ரிக்காரரை அனுமதிக்காதீர்கள்.

மாதிரி எடுப்பதில் என்னென்ன கெட்டுப்போகும்?

ஆய்வகப் பிழையைவிட இங்கே நடக்கும் பிழைதான் அதிகம்.

ஆவியாகும் பொருள்களுக்கான தண்ணீர் 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் எடுக்கப்படும். உள்ளே சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏற்கெனவே இருக்கும். குப்பியைச் சாய்த்துப் பிடித்து, தண்ணீரைப் பக்கச்சுவரில் மெல்ல வழியவிட்டு, வாய்க்கு மேலே நீர் குவிந்து நிற்கும்வரை நிரப்ப வேண்டும். வாய்க்கு வெளியே பொங்கி வழியவிட்டால் அமிலம் போய்விடும். மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து, விரலால் தட்டிப் பாருங்கள். குமிழி ஏறினால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை நிரப்புங்கள். மேலே கொஞ்சம் ஊற்றிச் சரிக்கட்ட வேண்டாம். பென்சீன் அந்தக் குமிழிக்குள்தான் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் ஐஸ் பெட்டியில் 4 டிகிரி, 14 நாளுக்குள் சோதனை.

உலோகங்களுக்கு நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். அளவை 2க்குக் கீழே கொண்டுவருவார்கள். கலங்கல் தண்ணீரில் அப்படியே அமிலம் விட்டால் மிதக்கும் மண்துகளில் உள்ள உலோகமும் கரைந்து எண்ணிக்கை எகிறும். நீரில் கரைந்திருப்பது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், அந்த இடத்திலேயே வடிகட்டிவிட்டு அப்புறம் அமிலம். வரிசை மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஆறிணைதிறன் குரோமியத்துக்கு நைட்ரிக் அமிலம் கூடாது. தனிப் பாதுகாப்புக் கரைசல் சேர்க்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும்.

கண்காணிப்புக் கிணற்றில் (நீர் மாதிரி எடுப்பதற்கென்றே இறக்கிய குழாய்க் கிணறு) தேங்கிக் கிடந்த நீரை அப்படியே எடுக்கக் கூடாது. 50 மி.மீ. குழாயில் 3 மீட்டர் நீர் நின்றால் அது ஏறக்குறைய 6 லிட்டர். அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 18 லிட்டர், வெளியேற்றிவிட்டு எடுப்பது பழைய முறை. மிக மெதுவாக இறைத்து, பி.எச்., மின்கடத்துதிறன், வெப்பநிலை நிலைப்பட்டதும் எடுப்பது இன்னொன்று. எந்த முறை என்பது அறிக்கையில் இருக்க வேண்டும்.

கட்டடத்தோடு வாங்குகிறோம். உள்ளே எதைப் பார்க்க வேண்டும்?

கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ்: கூரைத் தகடு, குழாய்களைச் சுற்றிய காப்புறை, பழைய தரை ஓடு. உடையாத வரை ஆபத்து குறைவு. இடித்துக் கட்டும் திட்டம் இருந்தால் இடிப்பதற்கு முன்பே பயிற்சி பெற்றவரைக் கொண்டு மாதிரி எடுங்கள். தெரிந்துகொள்ளலாமே என்று நீங்கள் ஒரு மூலையை உடைக்க வேண்டாம். ஈயப் பெயின்ட் ஜன்னல் சட்டங்களில் உரிந்து தூளாகும், வெளிச்சுவரை ஒட்டிய மண்ணிலும் விழுந்திருக்கும்.

மண்ணிலிருந்து கட்டடத்துக்குள் ஏறும் ஆவி பலருக்குத் தெரியாத விஷயம். பெட்ரோல், பெர்குளோரோஎத்திலீன் போன்றவை தரை விரிசல் வழியாகவும் குழாய் நுழையும் ஓட்டை வழியாகவும் வீட்டுக்குள் வரும். தரையில் சிறு துளையிட்டுத் தளத்துக்கு அடியிலுள்ள காற்றை எடுப்பதே நம்பகமான வழி. அறைக் காற்றை மட்டும் எடுத்தால் அலமாரியில் இருக்கும் தின்னரும் பெயின்டும் சேர்ந்து கணக்கில் வரும். இரண்டையும் ஒரே நாளில் எடுத்து ஒப்பிடுங்கள்.

மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் வரும் ரேடான் என்னும் கதிரியக்க வாயு தனி. கிரானைட் பாறை உள்ள இடங்களில் அதிகம், தொழிற்சாலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு கன மீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு). அதை எட்ட முடியாத நாடுகளும் 300ஐத் தாண்டக் கூடாது என்கிறது. கருவியை மக்கள் வசிக்கும் தளங்களில் கீழ்த்தளத்தில் வைத்து, 12 மணி நேரம் முன்பே கதவு ஜன்னல்களைச் சாத்தி, குறைந்தது 48 மணி நேரம் விட வேண்டும்.

குப்பைக் கிடங்காக இருந்து மூடிய நிலம். வாங்கலாமா?

வீட்டுக்கு என்றால் வேண்டாம் என்பதே எங்கள் பதில். குப்பை மக்கும்போது வரும் மீத்தேன், கிடங்கை மூடிப் பல பத்தாண்டுகள் ஆனபின்பும் வரும்; காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்தால் வெடிக்கும். நிலம் ஒரே சீராகவும் இறங்காது.

ஆய்வக அறிக்கையை எப்படிப் படிப்பது?

“கண்டறியப்படவில்லை” என்ற சொல்லைப் பார்த்ததும் நிம்மதியடையாதீர்கள். பக்கத்தில் கண்டறியும் எல்லை எவ்வளவு என்று பாருங்கள். குடிநீரில் ஆர்செனிக்குக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆய்வகத்தின் எல்லை 50 என்றால், 40 இருந்தாலும் “கண்டறியப்படவில்லை” என்றுதான் வரும். அலகையும் பாருங்கள், மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் குழப்பினால் ஆயிரம் மடங்கு பிசகும். மாதிரி எடுத்த தேதிக்கும் சோதித்த தேதிக்கும் உள்ள இடைவெளி, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற ஒப்படைப்புத் தாள், இரண்டும் இணைந்திருக்க வேண்டும்.

விற்பவரிடம் ஏற்கெனவே ஓர் அறிக்கை இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

படிக்கலாம், சாய்ந்துகொள்ளக் கூடாது. மேலே சொன்ன அமெரிக்க வரைமுறைப்படி, விசாரணை, நேர்ப் பார்வை, பதிவேட்டுத் தேடல் போன்ற முக்கியப் பகுதிகள் கிரயத்துக்கு முந்தைய 180 நாளுக்குள் செய்யப்பட்டிருக்க வேண்டும். அது யார் பெயருக்கு எழுதப்பட்டது என்பதும் முக்கியம். உங்கள் பெயர் இல்லாத அறிக்கையை வைத்து எழுதியவரிடம் கேள்வி கேட்க முடியாது.

மாசு நாம் செய்தது இல்லையே, பொறுப்பு எப்படி நம் தலையில் விழும்?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டுச் சட்டம், மாசுபடுத்தியவரை மட்டுமல்லாமல் இன்றைய உரிமையாளரையும் பிடிக்கிறது. 2002இல் செய்த திருத்தம், வாங்குமுன் முறையாக விசாரித்து, வாங்கியபின்னும் உரிய கவனத்தோடு நடந்தவருக்குப் பாதுகாப்புத் தந்தது. உங்கள் நிலம் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறதோ அதை அறிந்த வழக்கறிஞரிடம், முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.

மாசு இருப்பது உறுதியாகிவிட்டது. விட்டுவிடுவதுதானா?

இல்லை. எது, எவ்வளவு, எதுவரை பரவியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அது செலவுக் கணக்கு. சில கன மீட்டர் எண்ணெய் மண்ணைத் தோண்டி அகற்றுவது ஒரு வார வேலை. நிலத்தடி நீரில் கரைப்பான் இறங்கியிருந்தால் பல ஆண்டு வேலை, முடிவுத் தொகையை யாரும் எழுதித் தர மாட்டார்கள். முதல் வகைக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது கிரயத்துக்கு முன் விற்பவரே அகற்றி, குழியின் அடியிலும் பக்கச் சுவர்களிலும் மறுமாதிரி எடுத்துக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். “சுத்தம் செய்து தருகிறேன்” என்று மட்டும் எழுதினால் மேலே நல்ல மண்ணைப் பரப்பிவிட்டுப் போவார்கள். இரண்டாம் வகையிலிருந்து விலகுவதே நல்லது.

விற்பவர் சோதனைக்கே சம்மதிக்கவில்லை என்றால்?

துளையிட மறுப்பதில் ஒரு நியாயம் இருக்கலாம்: மாசு வெளிப்பட்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை அவர் தலையில் விழலாம், நீங்களோ வாங்காமல் போய்விடலாம். முடிவுகளை ரகசியமாக வைத்துக்கொள்வது, துளையை அடைத்துத் தருவது, செலவை நீங்களே ஏற்பது என்று எழுதிக்கொடுத்தால் பலர் இறங்கி வருவார்கள். ஆனால் பழைய பத்திரத்தைக் காட்டவும் மாட்டேன், நிலத்தைச் சுற்றி நடக்கவும் விடமாட்டேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.